கடிக்கிற சாமி

பவதாரிணியின் தோளைத் துண்டால் தட்டிவிடுவதுதான் அந்த வீட்டில் காலையில் நடக்கும் கடைசி வேலை. ஊதா யூனிபார்மில் உப்பைத் தூவியது மாதிரி வெள்ளை வெள்ளையாக உதிர்ந்து கிடக்கும். சரண்யாதேவி தட்டுவாள். பிள்ளை ஒரு தரம் தலையைச் சொறியும், மறுபடியும் உதிரும். மறுபடியும் தட்டுவாள். வாசலில் பள்ளிக்கூட ஆட்டோ ஹாரனை அலற விடும்.

அன்றைக்கு ஆட்டோ வரவில்லை. கப்பலூரில் பிளாஸ்டிக் குடம் ஊற்றும் கம்பெனியில் இரவு ஷிப்ட் முடித்துவிட்டு, தனக்கன்குளத்து வாடகை வீட்டுக்கு உடம்பை இழுத்துக்கொண்டு வந்த சோலை, மகள் யூனிபார்ம் போடாமல் வாசற்படியில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தான். ஒரு கை தலைக்குள் இருந்தது. அந்தக் கை இப்போதெல்லாம் அங்கேயேதான் இருக்கிறது.

"ஏன், புள்ள பள்ளிக்கூடம் போகலையா?"

"மிஸ் வேணாம்னுட்டாங்க. பக்கத்துல உக்கார்ற புள்ளைக எல்லாம் மூக்கப் பொத்துதாம். தலையச் சுத்தம் பண்ணி, டாக்டர்கிட்ட காட்டிட்டுக் கூட்டியாங்கன்னு சொல்லிட்டாங்க" என்றாள் சரண்யா.

"ஊர்ல மாசிக் களரி சாமி கும்பிடு முடியட்டும். அதுக்குள்ள என்ன அவசரம்?"

"இதையேதான் நீங்க தீபாவளிக்கும் சொன்னீக." அவள் அப்பளக் கம்பெனிக்குப் போகும் பையைத் தோளில் மாட்டினாள். தலையில் போட்டுக்கொள்ளும் வலைத் தொப்பி பைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. "அங்க அப்பளத்துல ஒத்த முடி விழுந்தா சூப்பர்வைசர் ஊரையே கூட்டுறாரு. இங்க ஒரு புள்ளைக்கு மண்டையே நாறுது, கேக்க நாதியில்ல."

சண்டை போடும் குரலில் அவள் அதைச் சொல்லவில்லை. சண்டை போட்டாலாவது பதில் பேசலாம். சொல்லிச் சொல்லி அலுத்துப்போனவள் மாதிரி சொல்லிவிட்டு பஸ்ஸுக்குப் போனாள். சோலை பாயை விரித்துப் படுத்தான். அசதியில் கண் எரிந்ததே தவிர, தூக்கம் வரவில்லை.

எல்லாம் ஒரு வேண்டுதலில் ஆரம்பித்தது. ஆறு வருடத்துக்கு முன்னால் பவதாரிணி ஏழு மாதத்திலேயே பிறந்துவிட்டாள். உள்ளங்கை அளவு பிள்ளை, கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தது. பிழைக்குமா என்று கேட்டால் யாரும் முகம் பார்த்துப் பதில் சொல்லவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டு சோலை தன் குலசாமியை நினைத்துக் கையெடுத்தான். "கருப்பா, இவளக் குடு. முதல் முடிய உன் வாசல்ல, தாய்மாமன் மடியில வச்சு இறக்குறேன். அதுவரைக்கும் இவ தலையில கத்தி படாது" என்றான். பிள்ளை பிழைத்தது. கொடுத்த வாக்கை மறக்கிற ஆள் அவன் இல்லை. மொட்டை எடுக்கத்தான் கோயில் திறக்கவில்லை.

டி. கல்லுப்பட்டிக்குப் பக்கத்தில் அவன் சொந்த ஊர். ஊருக்கு வெளியே புளியமரத்தடியில் கருப்பன் கோயில். பங்காளிகளுக்குள் முதல் மரியாதை யாருக்கு என்று தகராறு. பெரியப்பா முறையாகும் முத்திருளன் ஒரு கட்சி, சங்கிலி என்பவர் இன்னொரு கட்சி. முத்திருளன் ஒரு பூட்டைப் போட்டார். மறுநாளே சங்கிலி அதற்குப் பக்கத்தில் இன்னொரு பூட்டைப் போட்டார். ரெண்டு சாவியும் சேர்ந்தால்தான் கதவு திறக்கும். ரெண்டு பேரும் ஒரு கல்யாண வீட்டில்கூட ஒரே பந்தியில் உட்காராதவர்கள், சாவியை எங்கே சேர்ப்பது! கருப்பனும் உள்ளேயே அடைந்து கிடந்தார்.

கோயில் பூட்டிக் கிடந்தாலும் பிள்ளையின் முடி வளர்வது நிற்குமா? தோளைத் தாண்டி, முதுகுக்கு வந்தது. போன மழைக்காலத்தில் பொடுகு தெரிந்தது. அப்போது அது ஒன்றுமே இல்லை. சீப்பு வைத்தால் நாலு செதில் விழும், அவ்வளவுதான். சரண்யா ஷாம்பு வாங்கி வந்தாள். முத்திருளனின் மனைவி ஒச்சம்மாள் போனிலேயே தடுத்துவிட்டாள்.

"அடியே, அது சாமிக்கு நேந்த முடி. கண்ட கண்ட ஷாம்புவப் போட்டு நுரைய விடாத. நல்லெண்ணெயத் தேயி, அது போதும். சீப்பு வச்சு வறட்டு வறட்டுன்னு இழுக்காத. ஒரு முடி அந்து விழுந்தாலும் குத்தம்."

ஒச்சம்மாள் மேல் அருள் வரும். குடும்பத்தில் அவள் சொல்லுக்கு மறுசொல் கிடையாது. சோலையும் பெரியம்மா சொன்னபடியே செய்யச் சொன்னான். எண்ணெய்க்கு மேல் எண்ணெய் ஏறியது. அதன்மேல் தெருப்புழுதி படிந்தது. அரிப்பு தாங்காமல் பிள்ளை நகத்தால் கீறியது, கீறிய இடம் புண்ணானது, புண்ணில் நீர் வடிந்தது. ரெண்டே மாதத்தில் பின்னந்தலையில் முடி எல்லாம் ஒட்டிக்கொண்டு, காய்ந்த சாணி வறட்டி மாதிரி ஒரு கட்டியாகத் திரண்டுவிட்டது.

ஊரில் ஒரு காதுகுத்து விசேஷத்துக்குப் போன இடத்தில் ஒச்சம்மாள் அதைப் பார்த்தாள். பார்த்த மாத்திரத்தில் குலவை போட்டாள்.

"ஆத்தீ! சாமி சடை இறங்கியிருக்குடி! எனக்குப் பெறகு யாருக்குன்னு கேட்டுக்கிட்டே இருந்தேனே, இந்தா வந்துருச்சு!"

அவளுக்கும் ஒரு சடை உண்டு. எத்தனையோ வருடமாகச் சீப்புப் படாத, பழுப்பேறிய திரளை. அதைச் சேலை முந்தானைக்குள் கொண்டை போட்டு மூடியிருப்பாள். பேசும்போது அடிக்கடி ஒரு கொண்டை ஊசியை உருவி, அந்த இடத்தில் விட்டுக் குடைந்துகொண்டே இருப்பாள். அதை யாரும் கவனித்ததில்லை, சோலையும் உட்பட.

அன்றைக்கு விசேஷ வீட்டில் ஆளாளுக்கு வந்து பவதாரிணியின் நெற்றியில் திருநீறு பூசினார்கள். நரைத்த தலைக்காரர்கள் அந்தச் சின்னக் காலைத் தொட்டுக் கும்பிட்டார்கள். முத்திருளன் விடுவாரா? "பாத்தீகளாப்பா, கருப்பன் எந்தப் பக்கம் நிக்குறான்னு" என்று சங்கிலியின் ஆட்களுக்குக் கேட்கிற மாதிரிச் சத்தம் போட்டார். பிறகு ஒரு நாற்காலியை இழுத்துத் தன் பக்கத்தில் போட்டு, "டேய் சோலை, இங்கன உக்காருடா" என்றார்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். சோலை கெட்டவன் இல்லை, பிள்ளைமேல் உயிரையே வைத்திருப்பவன். ஆனால் பங்காளிக் கூட்டத்தில் அவனுக்கு அதுவரை நாற்காலி கிடைத்ததே இல்லை. நிலம் கிடையாது, கம்பெனிக் கூலி. கூட்டம் என்றால் சுவரோரம் நின்றே கேட்டுவிட்டுப் போகிற ஆள். அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்ததும் அவனுக்கு முதுகு தானாக நிமிர்ந்தது. அதற்குப் பிறகு மகள் தலையைச் சொறியும்போதெல்லாம், அவன் வேறு பக்கம் பார்க்கப் பழகிக்கொண்டான்.

மாசிக் களரி அன்று பிள்ளையைச் சடையோடு கோயிலுக்குக் கூட்டி வருவது, அதை எல்லோரும் பார்க்க வைப்பது, சங்கிலியின் பூட்டை உடைப்பது. முத்திருளன் போட்ட திட்டம் இதுதான். "அதுவரைக்கும் அந்தச் சடையில ஒரு ஈர்க்குச்சிகூடப் படக்கூடாது" என்று சோலையிடம் கையில் அடித்துச் சத்தியம் வாங்கியிருந்தார்.

பாயில் புரண்டுகொண்டிருந்த சோலைக்கு மனசில் இதெல்லாம்தான் ஓடிக்கொண்டிருந்தது. எப்போது கண் அசந்தான் என்று தெரியவில்லை. எழுந்தபோது வெயில் ஏறி, உச்சி தாண்டியிருந்தது. பவதாரிணி அதே வாசற்படியில் சுருண்டு படுத்திருந்தாள். தொட்டுப் பார்த்தான். அடுப்பில் வைத்த தோசைக்கல் மாதிரி உடம்பு சுட்டது.

"பவா, எந்திரித்தா. உள்ள வந்து படு."

தூக்கி மடியில் போட்டான். அவன் முழங்கை பின்னந்தலையில் பட்டதும் பிள்ளை வீலென்று கத்தியது. கழுத்துக்கு ரெண்டு பக்கமும் நெல்லிக்காய் நெல்லிக்காயாய் நெறி கட்டியிருந்தது. சடையின் ஓரத்தை மெல்லத் தூக்கிப் பார்த்தான். அடியில் மஞ்சளாகச் சீழ் மின்னியது. பேன்கள் ஊர்ந்தன. ஒரு நாற்றம் குப்பென்று முகத்தில் அடித்தது. மகளின் தலையை இவ்வளவு பக்கத்தில் வைத்துப் பார்த்து எத்தனை நாளாயிற்று என்று யோசித்தான். விசேஷ வீட்டுக்குப் பிறகு பார்க்கவே இல்லை.

பவதாரிணி கண்ணைத் திறக்காமலே பேசினாள்.

"அப்பா, சாமி கடிக்குதுப்பா."

"என்னத்தா?"

"தலையில இருக்குற சாமி. ராத்திரியெல்லாம் கடிக்குது. ஒச்சம்மா அப்பத்தா, சாமியக் கோவிக்கக் கூடாதுன்னு சொன்னாங்கல்ல, அதான் நான் அழுகல. நீ சொல்லுப்பா. என்னையக் கடிக்க வேணாம்னு சாமிட்ட சொல்லு."

எந்தச் சாமியிடம் கேட்டு இவளை வாங்கினானோ, அதே சாமியைக் கண்டு இவள் பயந்து, அழக்கூடப் பயந்து, தனியாகப் படுத்துக் கிடந்திருக்கிறாள். நாற்காலிக்கு ஆசைப்பட்ட நாய் நான் என்று தன்னையே வைதுகொண்டான். கட்டிய கைலியைக்கூட மாற்றவில்லை. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு தெருமுனை ஆட்டோவைப் பிடித்தான். வழியிலேயே சரண்யாவுக்கும், அவள் தம்பி விக்ரமுக்கும் போன் போட்டான்.

பெரிய ஆஸ்பத்திரியில் தோல் டாக்டர் ஒரு நடுத்தர வயது அம்மா. காலையிலிருந்து ஆள் பார்த்து ஓய்ந்துபோன முகம். கையுறையை மாட்டிக்கொண்டு சடையைத் தூக்கிப் பார்த்தார். திட்டவெல்லாம் இல்லை. ஒரு பெருமூச்சுதான் விட்டார்.

"யாரு இத சாமின்னு சொன்னது?"

சோலை தலையைக் குனிந்துகொண்டான். அப்பளக் கம்பெனித் தொப்பியைக்கூடக் கழற்றாமல் ஓடி வந்திருந்த சரண்யா, "குடும்பத்துல எல்லாரும்தான் மேடம்" என்றாள்.

"வந்தது பொடுகும்மா. ஆரம்பத்துலயே ரெண்டு நாளைக்கு ஒருக்கா ஷாம்பு போட்டு நல்லா அலசி, ஈரம் போகக் காய வச்சிருந்தீங்கன்னாலே பாதி அடங்கியிருக்கும். அடங்கலன்னா எங்ககிட்ட வந்திருக்கணும். சின்னப் பிள்ளைங்களுக்கு இப்படிச் செதில் உதிர்ந்தா அது வெறும் பொடுகா, பூஞ்சையான்னு பாத்துத்தான் மருந்து குடுப்போம். நீங்க என்ன பண்ணீங்க? எண்ணெயா ஊத்துனீங்க. எண்ணெய் பொடுகப் போக்காது, இன்னும்தான் ஏத்திவிடும். பிள்ளை சொறிஞ்சதுல புண்ணாச்சு, சீழ் வச்சது, பேனும் சேந்துக்கிச்சு. எல்லாம் சேந்து ஒட்டிப்போன முடிதான் இது." டாக்டர் சீட்டை எழுத ஆரம்பித்தார். "முடிய எடுத்தாத்தான் புண்ணுக்கு மருந்து போட முடியும். இன்னும் விட்டா அந்த இடத்துல முடியே முளைக்காமப் போயிரும். சீழ் ரத்தத்துல கலந்தா அதவிட மோசம். எடுக்கலாமா?"

சரண்யா சோலையைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம்கூட இல்லை. இவன் இப்போதும் களரி முடியட்டும் என்றுதான் சொல்வான் என்று எண்ணிய பார்வை. அடித்திருந்தால்கூட அவனுக்கு அவ்வளவு வலித்திருக்காது.

"எடுங்க டாக்டர். ஒரே ஒரு வேண்டுதல். எம்மச்சினன் வந்துக்கிட்டே இருக்கான். அவன் மடியில வச்சு எடுக்கலாமா?"

டாக்டருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும், "அதனால என்ன, தாராளமா" என்றார்.

விக்ரம் மூச்சிரைக்க ஓடி வந்தான். விஷயத்தைக் கேட்டதும், "கோயில் வாசல்ல உக்காருவேன்னு நெனச்சேன், ஊசி போடுற ரூமுல உக்கார வச்சிட்டீகளே மச்சான்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே ஸ்டூலில் உட்கார்ந்தான். பவதாரிணியை மடியில் ஏந்திக்கொண்டான். நர்ஸ் வெதுவெதுப்பான தண்ணீரை விட்டு, ஊற வைத்து, ஊற வைத்து, கத்தரியால் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தார். பிள்ளை மாமன் சட்டையைப் பல்லால் கடித்துக்கொண்டது. சடை மொத்தமாக நர்ஸின் கையோடு வந்தபோது, சரண்யா வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

"அப்பா, சாமி போயிருச்சா?" என்றாள் பவதாரிணி.

"அது சாமியே இல்லத்தா. சீக்கு. அப்பனுக்குத்தான் தெரியாமப் போச்சு."

முடியை எரித்துவிடச் சொல்லி, கவரில் போட்டு இறுகக் கட்டிக் கொடுத்தார்கள். சோலை அதை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டான்.

களரி அன்று காலையில் புளியமரத்தடியில் ரெண்டு கட்சியும் கூடியிருந்தன. பூட்டு உடைபடப் போகிறது என்று தெரிந்து சங்கிலியின் ஆட்களும் கம்போடு வந்திருந்தார்கள். சோலை தனியாக வருவதைப் பார்த்ததும் முத்திருளனுக்கு முகம் கறுத்தது.

"புள்ள எங்கடா? சடை எங்க?"

சோலை நேராகக் கதவுக்கு முன்னால் போனான். ரெண்டு பூட்டும் வெயிலில் தொங்கின. கீழே மண்ணில் கவரை வைத்தான். "கருப்பா, குடுத்த வாக்கு தாய்மாமன் மடியில முடிஞ்சது. முடி உன் வாசலுக்கு வந்திருச்சு. ஏத்துக்க" என்று கும்பிட்டுவிட்டுத் தீக்குச்சியைக் கிழித்தான். கருகிய முடியின் வாடையும் சீழின் வாடையும் கலந்து எழுந்தது. ரெண்டு கட்சியும் ஒன்றுபோல மூக்கைப் பொத்திக்கொண்டு பின்வாங்கின. பல வருடம் கழித்து அன்றைக்குத்தான் இரு தரப்பாரும் ஒரே காரியத்தைச் செய்தார்கள்.

"என்ன பெரியப்பா, மூக்கப் பொத்துறீக? சாமின்னு கால்ல விழுந்தது இதுதான."

"அடப்பாவி, சத்தியம் பண்ணிட்டு இப்படிச் செஞ்சுட்டியே! சாமி குத்தம் சும்மா விடுமா?"

"சாமிக்கு முடிதான் நேந்தேன், எம்புள்ள மண்டைய நேரல. உங்க சண்டைக்கு எம்புள்ள தலையப் பூட்டாப் போட்டீக, நானும் தலையாட்டுனேன். குத்தம்னா அதுதான் குத்தம்."

திரும்பி நடந்தான். பின்னால் யார் என்ன கத்தினார்கள் என்பது காதில் ஏறவில்லை. நாற்காலி போனதில் வருத்தமும் இல்லை. நின்று நின்று பழகிய கால்தானே.

ரோட்டில் பஸ்ஸுக்கு நிற்கும்போது பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. ஒச்சம்மாள். முந்தானையை இழுத்துத் தலையை மூடிக்கொண்டு, வேகமாக நடந்து வந்ததில் மூச்சு வாங்க நின்றாள். வையத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தான். அவள் சுற்றும் முற்றும் பார்த்தாள்.

"புள்ள எப்படியிருக்கு?"

"காய்ச்ச விட்டுருச்சு. புண்ணு ஆறுது. நேத்து நல்லாத் தூங்குனா."

ஒச்சம்மாளின் கை தன்னையறியாமல் கொண்டைக்குப் போய், ஊசியை உருவிக் குடைந்தது. ஊசி முனையில் ரத்தம் இருந்தது. அப்போதுதான் சோலை அதைப் பார்த்தான்.

"எனக்கும் உள்ள அரிக்குதுடா சோலை" என்றாள். "இன்னைக்கு நேத்தா? எம்புட்டோ வருசமா. ராத்திரி தலகாணியில தலைய வைக்க முடியல. சாமிய வச்சிருக்கிறவ சாமி அரிக்குதுன்னு யார்கிட்டடா போயிச் சொல்லுவேன்? உம்மகளுக்கு வந்தப்ப, எனக்கு ஒரு தொணை கெடச்சிருச்சுன்னு சந்தோசப்பட்டேன்டா. பாவி நான்."

சோலைக்கு அவள்மேல் இருந்த கோபமெல்லாம் எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. அருள் வந்து ஆடுகிற பெரியம்மா ஒரு சீக்காளிப் பொம்பளையாக, நடுரோட்டில், வெயிலில் நின்றுகொண்டிருந்தாள்.

"சாமி கடிக்காது பெரியம்மா, சாமி அரிக்கவும் அரிக்காது. கடிச்சா அது சீக்கு. சீக்குக்குத் தண்ணியும் ஷாம்புவும் டாக்டரும்தான். வெளிய சொல்ல வெக்கப்பட்டு மூடி மூடி வச்சுத்தான் அது இம்புட்டு வளந்திருக்கு."

மதுரை பஸ் வந்து நின்றது. சோலை முதல் படியில் ஏறி, திரும்பிக் கையை நீட்டினான். ஒச்சம்மாள் கோயில் பக்கம் ஒரு தரம் பார்த்தாள். ஊசியைக் கொண்டையில் செருகிவிட்டு, அவன் கையைப் பிடித்து ஏறினாள்.